செம்மறிக் கலம் சாகாமலிருக்க ரெலோமரேசு ஒண்டு காணுமோ?

மறியாடு | 2024 மாசி 4, பி.ப. 7.10

யாழ்ப்பாணத்து உள்ளூர்ச் செம்மறியின்ரை காதுத்தோலிலை இருந்து ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்பிழையக் கலம்) எடுத்து நிரந்தரக் கலவரிசை (தட்டிலை நிக்காமல் பிரிஞ்சுகொண்டே இருக்கிற கலக்கூட்டம்) ஆக்கிறதைப் பற்றின கேள்வி. வகுப்பிலை சொல்லித் தந்தது: ரெலோமியர் (நிறமூர்த்தத்தின்ரை நுனி) தேயிறதாலைதான் கலம் பிரியாமல் நிக்குது, அதை நீட்டுற ரெலோமரேசு நொதியத்தின்ரை பரம்பரையலகை உள்ளுக்கை விட்டால் அலுவல் முடிஞ்சுது. 1998 இலை மனிசக் கலத்திலை செய்தும் காட்டியாச்சு. ஆனால் சுண்டெலிக்காரர் ஒண்டுமே விடாமல், வளர்த்துக்கொண்டே போய் 3ரி3 எண்ட சாகாத வரிசையை எடுத்தவை. அப்ப செம்மறியையும் சும்மா வளர்த்தால் வராதோ? வராட்டில் ரெலோமரேசு காணுமெண்டுதான் நான் நினைக்கிறன். பிழையெண்டால் சொல்லுங்கோ.

குடுவை | மாசி 4, இரவு 9.45

காணாது.

1998 வேலையை வடிவாப் பாருங்கோ. ரெலோமரேசின்ரை வினையூக்கிப் புரதமான ரெர்ட்டை அதிலை விட்டது விழித்திரை நிறமிக் கலத்துக்கும் முன்தோல் ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்கும். ரெண்டும் அந்த ஒண்டோடை ஓடக்கூடிய சாதி. அதே வருசம் தோல் மேலணிக் கலத்திலையும் முலை மேலணிக் கலத்திலையும் ரெர்ட் தனிய ஓடாது, பிரிவை நிப்பாட்டுற பி16, ஆர்பி எண்ட புரதங்களின்ரை வழியையும் உடைக்கவேணும் எண்டு வேறை ஆக்கள் காட்டிப்போட்டினம். வகுப்பிலை முதல் பாதி முடிய மணி அடிச்சிருக்கும்.

படலைக்கு ரெண்டு பூட்டெண்டு வையுங்கோ. முதலாவது நீளத்தை எண்ணுற பூட்டு. மனிசக் கலத்தின்ரை நிறமூர்த்த நுனி ஒவ்வொரு பிரிவுக்கும் 50 முதல் 200 மூலச்சோடி தேயும். நுனி கட்டையானால் கலம் அதை முறிஞ்ச டி.என்.ஏ. எண்டு எடுத்து பி53 எண்ட காவல் புரதத்தை எழுப்பும். பி53 போய் பி21 ஐ எழுப்பும். பிரிவு நிக்கும். ஹேஃபிளிக்கும் மூர்ஹெட்டும் 1961 இலை எழுதின, கலம் குறிச்ச தடவைக்கு மேலை பிரியாது எண்ட எல்லைக்குக் காரணம் இதுதான்.

மற்றது நெருக்கடியை எண்ணுற பூட்டு. வெறும் பிளாஸ்டிக்கு, மிஞ்சின ஒட்சிசன், ஒத்துவராத சீரம், அயற்கலம் இல்லாத தனிமை எல்லாம் பி16 ஐக் கூட்டும். பி16, பிரிவைத் தள்ளுற சிடிகே4 நொதியத்தைப் பிடிச்சு வைச்சால் ஆர்பியிலை பொஸ்பேற்று ஏறாது, கலம் அடுத்த கட்டத்துக்குப் போகாது. ரெலோமியர் எவ்வளவு நீளமெண்ட கவலை இந்தப் பூட்டுக்கு இல்லை. ரெர்ட் திறக்கிறது முதல் பூட்டை மட்டும்.

குடுவை | மாசி 4, இரவு 10.20

3ரி3 கதை. 1963 இலை டொடாரோவும் கிறீனும் வைச்ச முறை: 3 நாளுக்கொருக்கால், 50 மி.மீ. தட்டுக்கு 3 லட்சம் கலம். அவ்வளவுதான். ஆனால் சுண்டெலியின்ரை ரெலோமியர் மனிசனைவிடக் கனமடங்கு நீளம், ரெலோமரேசும் அணைஞ்சு போறேல்லை. முதல் பூட்டு அங்கை பூட்டினபடியே இல்லை. சுண்டெலிக் கலம் நிக்கிறது காற்றிலை இருக்கிற 20 சதவீத ஒட்சிசனாலை. 3 சதவீதத்திலை வளர்த்தால் அது நிக்கிறதே இல்லையெண்டு 2003 இலை காட்டினவை. 20 சதவீதத்திலை வளர்த்தால் பி53 போன கலம், அல்லது பி53 ஐக் காப்பாத்துற ஏ.ஆர்.எஃப். புரதம் போன கலம் மிஞ்சி வந்து தட்டைப் பிடிக்கும். ஆகவே "ஒண்டும் விடேல்லை" எண்டது சரி, "ஒண்டும் மாறேல்லை" எண்டது பிழை.

குடுவை | மாசி 5, காலை 6.30

எந்த மிருகத்துக்கு எந்தப் பூட்டு எண்டதுக்கு ஒரு கைக்கணக்கு இருக்கு. கொறித்துண்ணிகளிலை கோர்புனோவாவும் செலுவானோவும் ஒப்பிட்டுப் பார்த்த வேலை அது: உடம்பு நிறை கிட்டத்தட்ட 5–10 கிலோவுக்கு மேலை போனால் உடற்கலத்திலை ரெலோமரேசு அணைஞ்சிருக்கும், கலமும் எண்ணி நிக்கும். சுண்டெலி கீழை. பீவரும் கப்பிபராவும் மேலை. எங்கட செம்மறி எவ்வளவு சின்னனெண்டாலும் அந்தக் கோட்டுக்கு மேலைதான். சும்மா வளர்த்துச் சாகாவரம் வருமெண்டு காத்திருக்காதேங்கோ.

மறியாடு | மாசி 5, மாலை

விளங்குது அண்ணை. அப்ப எஸ்.வி.40 வைரசின்ரை பெரிய ரி அன்டிஜன் எண்ட புரதம் பி53 ஐயும் ஆர்பியையும் ஒண்டாப் பிடிக்குமெண்டினம். ஒரு பரம்பரையலகோடை ரெண்டு பூட்டும் போகுமெல்லே?

குடுவை | மாசி 5, இரவு

ரெண்டு தடையும் போகும், தேய்வு போகாது. பெரிய ரி ரெலோமியரை நீட்டுறேல்லை, தேய்ஞ்ச நுனியோடையும் ஓடச் சொல்லுது. கலம் வழமையான எல்லையைத் தாண்டி இன்னும் கொஞ்சம் ஓடும். பிறகு நுனியில்லாத நிறமூர்த்தங்கள் ஒண்டோடொண்டு ஒட்டி, பிரியேக்கை கிழிஞ்சு, கூட்டமாச் சாகும். அதைத்தான் கிரைசிஸ் எண்டுறது. மனிச ஃபைப்ரோபிளாஸ்ட்டிலை அதைத் தாண்டி வாறது ஏறத்தாழ ஒரு கோடிக்கு ஒரு கலம். தட்டிலை 10 லட்சம் கலத்தை வைச்சுக்கொண்டு கோடிக்கு ஒண்டை எதிர்பார்த்தால் லொத்தர் எடுத்த கணக்கு.

தாண்டி வாறதிலை கன கலம் ரெலோமரேசைத் தானே திருப்பி எழுப்பினது. சிலது எழுப்பாமல், ஒரு நிறமூர்த்த நுனியைப் பார்த்து மற்றதை நகலெடுத்து நீட்டும். இந்த மாற்றுவழிக் கலங்களிலை ஏ.ரி.ஆர்.எக்ஸ். புரதம் அடிக்கடி காணாமல் போயிருக்கும். டபிள்யூ.ஐ.-38 எண்ட மனிச நுரையீரல் ஃபைப்ரோபிளாஸ்ட்டிலை எஸ்.வி.40 விட்டு வந்த வி.ஏ.13 வரிசை இந்தச் சாதி.

உங்களுக்கு ஏன் அது சரிவராது எண்டால், பி53 இல்லாமல் ஓடுற கலத்தின்ரை நிறமூர்த்தம் நிலைச்சு நிக்காது. உள்ளூர் இனத்தின்ரை பரம்பரையலகைப் பாதுகாக்கத்தான் வரிசை எண்டால், 54 நிறமூர்த்தம் 70, 80 எண்டு கலைஞ்ச கலத்தை உறைய வைச்சு என்ன பலன்? வைரசு வளர்க்க மட்டுமெண்டால் பெரிய ரி காணும், மலிவு.

குடுவை | மாசி 6

செம்மறிக்கே உரிய பதில் இருக்கு. ஸ்கொட்லாந்திலை டொலி எண்ட நகல் செம்மறியைப் பெத்தெடுத்த ரொஸ்லின் நிறுவனத்தாக்கள் செம்மறி ஃபைப்ரோபிளாஸ்ட்டிலை மனித ரெர்ட்டை விட்டுப் பார்த்து 2002 இலை வெளியிட்டவை. முக்கியமான விசயம், விட்டதோ இல்லையோ எண்டதில்லை, எவ்வளவு வெளிப்படுது எண்டதுதான். கூட வெளிப்பட்ட வரிசைகளிலை ரெலோமியர் நீளமும் நிறமூர்த்தமும் நிலைச்சு நிண்டது. குறைய வெளிப்பட்டதிலை கலம் ஓடினாலும் நுனி தேய்ஞ்சுகொண்டே போய் நிறமூர்த்தம் குழம்பினது.

ஆகவே ஊக்கியை, அதுதான் பரம்பரையலகை இயக்கிவிடுற டி.என்.ஏ. துண்டை, கவனியுங்கோ. சி.எம்.வி. ஊக்கி முதல் மாசம் பலமா எரியும், நீண்ட வளர்ப்பிலை மெதைல் ஏறி அணையும். அணைஞ்சால் நீங்கள் அந்தக் குறைவெளிப்பாட்டுக் கூட்டத்துக்குள்ளை போயிடுவியள். ஈ.எஃப்.1 அல்பா அல்லது பி.ஜி.கே. ஊக்கி நல்லது.

ரெண்டாம் பூட்டுக்கு, பி53 ஐத் தொடாத வழி இருக்கு: சிடிகே4 இலை 24 ஆம் இடத்து ஆர்ஜினீனை சிஸ்ரீனாக்கின விகாரம். அதிலை பி16 ஒட்ட ஏலாது. அதோடை சிடிகே4 இன்ரை சோடிப் புரதமான சைக்ளின் டி1, ரெர்ட். ஜப்பானிலை ஃபுகுடா குழுவினர் இந்த மூண்டையும் சேர்த்துக் கன மிருகத்திலை வரிசை எடுத்திருக்கினம், அழிஞ்சு வாற அனோவா எண்ட குள்ள எருமை உட்பட. பி53 உயிரோடை இருக்கிறதாலை டி.என்.ஏ. முறிஞ்ச கலம் தானா நிக்கும், நிறமூர்த்தம் பெரும்பாலும் குழம்பாது. மாட்டுத் தசைத் துணைக்கலத்திலை மாட்டின்ரையே ரெர்ட்டும் சிடிகே4 உம் விட்டு 120 இரட்டிப்புக்கு (கலத்தொகை ரெண்டு மடங்காகிற தடவைக்கு) மேலை ஓட்டின வேலை 2023 இலை வந்தது. அது வளர்ப்பிறைச்சிக்கு.

குடுவை | மாசி 6, பிறகு

ஒரு பொறி. ரெர்ட் பிளாஸ்மிட்டு (பரம்பரையலகைக் காவுற வட்ட டி.என்.ஏ.) ஆரிட்டையும் வாங்கினால் புரதத்தின்ரை பின்நுனியிலை எச்.ஏ. அடையாளத்துண்டு ஒட்டியிருக்கோ எண்டு வரிசையைப் பாருங்கோ. அந்த வடிவம் நொதியமாக வேலை செய்யும், ரெலோமரேசுச் சோதனையிலை ஏணி மாதிரி பட்டை பட்டையாக் காட்டும், ஆனால் கலத்துக்குள்ளை ரெலோமியரைக் காப்பாற்றாது. சோதனை நேர், கலம் சாகும். மாசக்கணக்கிலை மண்டையை உடைக்கிற கேஸ் இது.

மறியாடு | மாசி 8

செய்முறை அளவுகளோடை தரேலுமோ? தோல் எடுக்கிறதிலை இருந்து.

குடுவை | மாசி 9

காது ஓரத்திலை மயிரை வழிச்சு, 70 சதவீத அற்ககோலாலை ரெண்டு தரம் துடைச்சு, 5 மி.மீ. துண்டு. செம்மறிக் காதிலை இருக்கிற பங்கசை லேசாக நினைக்காதேங்கோ. கழுவுற உப்புக்கரைசலிலை பெனிசிலின்–ஸ்ரெப்ரோமைசின் வழமையின்ரை 5 மடங்கு, அம்போரெரிசின் மி.லீட்டருக்கு 2.5 மைக்கிரோகிராம், மூண்டு மாற்று. கசியிழையத்தை, அதுதான் நடுவிலை இருக்கிற குருத்தெலும்பை, உரிச்சு எறியுங்கோ. மிச்சத்தை 1 மி.மீ. துண்டாக்கி வெறும் தட்டிலை ஒட்டி 10–15 நிமிசம் உலர விட்டு, பிறகு ஊடகத்தை (கலத்துக்கு ஊட்டம் குடுக்கிற திரவத்தை) ஓரத்தாலை மெல்ல விடுங்கோ: டி.எம்.ஈ.எம்., 15 சதவீதக் கன்றுமுளையச் சீரம். 5 நாளைக்குத் தட்டை அசைக்கவே கூடாது. தினமும் தூக்கிப் பார்க்கிற ஆளின்ரை துண்டுதான் மிதக்கும்.

முதலிலை வருகிறது ஓடு ஓடா மேலணிக் கலம், பின்னாலை கதிர் மாதிரி நீண்ட ஃபைப்ரோபிளாஸ்ட். 0.25 சதவீத ரிப்சினிலை ஃபைப்ரோபிளாஸ்ட் முதல் கழரும், மேலணி பிடிச்சு நிக்கும், அதாலை 2 நிமிசத்திலை கழர்ந்ததை மட்டும் எடுத்தால் பிரிஞ்சிடும்.

இரட்டிப்பை முதல் நாளிலையே எண்ணத் தொடங்குங்கோ. "பாசேஜ் 7" (ஏழு தரம் தட்டு மாத்தினது) எண்டு எழுதுறது ஒண்டும் சொல்லாது. எடுத்த எண்ணிக்கையை இட்ட எண்ணிக்கையாலை வகுத்து, 10 அடி மடக்கை எடுத்து, 3.32 ஆலை பெருக்குங்கோ. 5 லட்சம் இட்டு 32 லட்சம் எடுத்தால் 2.7. அதைக் கூட்டிக்கொண்டு போறது. 10 தாண்ட முதல் ஒரு டசின் குப்பியாவது உறைய வையுங்கோ: 10 சதவீத டி.எம்.எஸ்.ஓ., நிமிசத்துக்கு 1 பாகை குறைவு, பிறகு திரவ நைதரசன். மாட்டுச் சினை ஊசிக்கு விந்து வைக்கிற அதே சாதிக் கொள்கலம்தான். மட்டத்தைக் கிழமைக்கொருக்கால் கோல் விட்டு அளக்கவேணும். மைனஸ் 80 பெட்டியை நம்பி வருசக்கணக்கா வைக்காதேங்கோ, கரண்ட் நிண்டால் அதுவுமில்லை.

குடுவை | மாசி 9, தொடர்ச்சி

பரம்பரையலகை வைரசிலை ஏத்தி விடுகிறது 10–15 இரட்டிப்புக்குள்ளை. பழைய எம்.எல்.வி. ரெற்ரோவைரசு பிரிஞ்சுகொண்டிருக்கிற கலத்துக்குள்ளைதான் ஏறும். நிக்கப் போற கலத்திலை விட்டு "வைரசு சரியில்லை" எண்டு சொல்லுறதிலை பலனில்லை. லென்ரிவைரசு பிரியாததிலையும் ஏறும். சுண்டெலிக்கு மட்டுமான உறையோடை வாற ரெற்ரோவைரசு செம்மறியிலை ஏறவே ஏறாது, வி.எஸ்.வி.-ஜி உறை வேணும். அந்த உறை மனிசனிலையும் ஏறும், உள்ளை இருக்கிறது பிரிவைத் தூண்டுற சரக்கு. ரெண்டாம் வகுப்பு உயிர்ப்பாதுகாப்புப் பெட்டி, ரெட்டைக் கையுறை, ஊசி பாவிக்கிறேல்லை.

வைரசைக் கலத்திலை ஒட்டவைக்கிற பொலிபிரீன் மி.லீட்டருக்கு 8 மைக்கிரோகிராம், கலம் வாடினால் 4. மூண்டையும் ஒரே நாளிலை விடாமல், முதல் சிடிகே4 உம் சைக்ளினும், தெரிவு (பரம்பரையலகு ஏறாத கலத்தை மருந்தாலை கொல்லுறது) முடிய ரெர்ட். பியூரோமைசின் எண்ட தெரிவு மருந்தை மி.லீட்டருக்கு 0.5, 1, 1.5, 2, 3 மைக்கிரோகிராம் எண்டு ஏத்தி, வெறும் கலம் மூண்டு நாளிலை முழுக்கச் சாகிற ஆகக் குறைஞ்ச அளவை எடுக்கவேணும். மற்ற ஆளின்ரை கட்டுரையிலை உள்ள அளவைக் கொப்பி அடிக்க வேண்டாம். வைரசு விடாத கட்டுப்பாட்டுத் தட்டிலையும் கலம் மிஞ்சினால் அந்தத் தெரிவே செல்லாது.

இன்னுமொண்டு: வைரசு செய்யிறது 293ரி கலத்திலை. 48 மணித்தியாலத்திலை எடுத்த மேல்நீரை 0.45 மைக்கிரோன் வடிகட்டியாலை வடிக்காட்டில் 293ரி கலமே கூட வரும். அதுக்குள்ளை அதே பியூரோமைசின் எதிர்ப்புப் பிளாஸ்மிட்டும் இருக்கும், மருந்துக்கும் சாகாது, கெதியாவும் வளரும். மூண்டு கிழமையிலை "செம்மறி வரிசை வந்திட்டுது" எண்டு கேக்கு வெட்டினால், தட்டிலை இருக்கிறது மனிசச் சிறுநீரகக் கலம்.

வெள்ளைப்புள்ளி | மாசி 11

ஆட்டுக்கதை முடியட்டும் எண்டு பார்த்தன், முடியிற மாதிரித் தெரியேல்லை. இறாலுக்கு இதே மூண்டையும் விட்டால் என்ன? இறாலைத் தாக்கிற வெள்ளைப்புள்ளி வைரசை வளர்த்துப் பார்க்க ஒரு இறால் கலவரிசை இல்லாமல் உலகம் முழுக்க இறாலையே சாகடிச்சுக்கொண்டிருக்கு.

குடுவை | மாசி 11, இரவு

பேரைப் பார்த்தாலே தெரியுது எங்கை நிக்கிறியள் எண்டு.

இறாலிலை பிரச்சினை இந்த ரெண்டு பூட்டுமில்லை. ரெலோமரேசு அதின்ரை கனக்க இழையத்திலை இயங்கிக்கொண்டுதான் இருக்கு. நுனி வரிசையும் எங்கடை மாதிரி ஆறெழுத்தில்லை, ஐந்தெழுத்து. சிக்கல் அதுக்கும் முன்னாலை: தட்டிலை போட்டால் கலம் உயிரோடை கிடக்கும், பிரியாது. லிம்பொயிட்டு உறுப்பிலை எடுத்த கலம் இரட்டைச்செறிவு எல்-15 ஊடகத்திலை 26–28 பாகையிலை கிழமைக்கணக்கா இருக்கும், எண்ணிக்கை ஏறாது. ஓடாத வண்டியிலை பிரேக்கைக் கழட்டி என்ன காணப்போறியள்? எஸ்.வி.40 ரி, அடினோவைரசின்ரை ஈ1ஏ எல்லாம் விட்டுப் பார்த்தவை. உள்ளை போகுது, கலம் பிரியத் தொடங்குதில்லை. எல்லாரும் எடுத்துப் பாவிக்கிற ஒரு இறால் வரிசை இண்டைவரை இல்லை.

"வந்திட்டுது" எண்டு ஆராவது சொன்னால் முதல் கேள்வி திரவுஸ்ரோக்கிற்றிட்டு. கடல்நீரிலை வாழுற ஒற்றைக்கல உயிர், உருண்டையா, அசல் குருதிக்கலம் மாதிரியே இருக்கும், அன்ரிபயோட்டிக்குக்கு அசையாது, ஊடகத்திலை செழிச்சு வளரும். ஓடுடைய உயிரிகளிலை வெளிவந்த "கலவரிசை"யளிலை சிலது பிறகு பார்த்தால் இதுதான். எந்த உயிரெண்டு காட்டுற 18எஸ் பரம்பரையலகைப் பெருக்கிப் பார்த்தால் ஒரு நாளிலை தெரியும்.

மீன் வேணுமெண்டால் கதை வேறை. மீனிலை ரெலோமரேசு வளர்ந்த இழையத்திலையும் இருக்கு, அதாலை சும்மா வளர்த்தே வரிசை வரும். 1962 இலை வந்த ஆர்.ரி.ஜி.-2 எண்ட ரவுட் மீன் வரிசை அப்பிடித்தான். எங்கடை கொடுவாய் மீனிலையே, தமிழ்நாட்டு மேல்விசாரத்து ஆக்கள் மண்ணீரலிலையும் சிறுநீரகத்திலையும் வரிசை எடுத்திருக்கினம்.

குடுவை | மாசி 12

ரெலோமரேசு பக்தருக்கு இன்னொரு இடி. நுளம்பும் ஈயும் சேர்ந்த இருசிறகி வரிசையிலை ரெலோமரேசுப் பரம்பரையலகே இல்லை, கூர்ப்பிலை தொலைச்சிட்டுதுகள். பழ ஈ தன்ரை நுனியைத் தாவும் பரம்பரையலகாலை ஒட்டுப்போட்டு வைச்சிருக்கு. ஆனால் டெங்கு வைரசைப் பிரிச்செடுக்கப் பாவிக்கிற சி6/36 நுளம்புக் கலம் சாகாமல் ஓடிக்கொண்டே இருக்கு. மூலவரிசை 1967 இலை பூனேயிலை சிங் எடுத்தது, அதிலை இருந்து இகராசி 1978 இலை பிரிச்ச கிளை இது. 28 பாகை, காபனீரொட்சைட்டு வேண்டாம், எங்கடை காலநிலைக்கு அறை வெப்பமே கிட்டத்தட்டக் காணும். அதிலை வைரசின்ரை ஆர்.என்.ஏ. ஐ வெட்டுற டைசர்-2 நொதியம் பழுதெண்டதாலை வைரசை எதிர்க்கிற ஆர்.என்.ஏ. வழி வேலை செய்யாது. டெங்கு கொழுத்து வளர்றதுக்கு அது ஒரு காரணம்.

வேரோவும் இதே குணம். விசர்நாய்க்கடி ஊசி செய்யிற அந்தக் குரங்குச் சிறுநீரக வரிசையை 1962 இலை ஜப்பானிலை சீபா பல்கலைக்கழகத்திலை எடுத்தவை, பரம்பரையலகு ஒண்டும் விடேல்லை. 2014 இலை முழு வரிசையையும் வாசிச்சால் 12 ஆம் நிறமூர்த்தத்திலை கிட்டத்தட்ட 90 லட்சம் மூலச்சோடி ஒரே வெட்டாக் காணேல்லை. அந்தத் துண்டுக்குள்ளைதான் பி16 இருக்கிற இடமும், பக்கத்திலை முதல்வகை இன்ரபெரோன் கூட்டமும். பூட்டுப் போனதோடை வைரசுக் காவலும் போட்டுது. தடுப்பூசிக்காரருக்கு அடிச்ச யோகம்.

மறியாடு | மாசி 13

அப்ப என்ரை கலம் உண்மையிலை நிக்காமல் ஓடுதெண்டு எப்ப நம்புறது?

குடுவை | மாசி 13, இரவு

விடாத கட்டுப்பாட்டுக் கலம் நிண்ட இடத்தைத் தாண்டி, அதைவிட இரண்டு மடங்கு இரட்டிப்பு, வேகம் குறையாமல். அதுக்கு முதல் "நீண்ட ஆயுள்" எண்டு மட்டும் எழுதுங்கோ.

நிண்ட கலத்தைப் பார்க்கிற நீலச்சாயச் சோதனை பி.எச். 6.0 இலை. சாயம் போட்ட தட்டைக் காபனீரொட்சைட்டு இன்கியுபேற்றருக்குள்ளை வைக்காதேங்கோ: கரைசல் அமிலமாகி லைசோசோமின்ரை வழமையான நொதியமும் சேர்ந்து எல்லாக் கலமும் நீலமாகும். நெருக்கி வளர்ந்த தட்டும் பொய் நீலம் காட்டும். வெறும் 37 பாகை, அரைவாசி நிரம்பின தட்டு.

20 இரட்டிப்புக்கொருக்கால் நிறமூர்த்தம் எண்ணவேணும். பிரிவை நடுவிலை நிப்பாட்டுற கொல்செமிட்டு மி.லீட்டருக்கு 0.1 மைக்கிரோகிராம் 2 மணித்தியாலம், 0.075 மோலர் பொற்றாசியம் குளோரைட்டு, மெதனோல்–அசற்றிக்கமிலம் 3:1, குறைஞ்சது 50 கலத்தின்ரை நிறமூர்த்தப் பரப்பு. செம்மறிக்கு 54, அதிலை பெரிய இருகைச் சோடி மூண்டு தெளிவாத் தெரியும். 60 வந்து, பெரிய இருகைச் சோடியளும் இல்லையெண்டால் அது வெள்ளாடு, ஆரோ குப்பியை மாத்திப்போட்டினம். மைட்டோகொண்ட்ரியாவின்ரை சைற்றோகுரோம் ஒட்சிடேசு துண்டை வாசிச்சும் உறுதிப்படுத்தலாம். வளர்ப்பைத் தெரியாமல் கெடுக்கிற மைக்கோபிளாஸ்மா பற்றீரியாவுக்குப் பி.சி.ஆர். மாசத்துக்கொருக்கால்.

அலெக்சிஸ் கரல் எண்ட ஆய்வாளர் 1912 இலை தொடக்கின கோழி இதய வளர்ப்பு 1946 வரை ஓடினதெண்டினம். சாதாரண கலம் தானாகவே சாகாது எண்டு உலகம் அதை வைச்சு நம்பினது. ஊட்டமாய் விட்ட முளையச் சாற்றோடை புதுக்கலம் உள்ளை போயிருக்குமெண்டுதான் இப்ப கனபேர் நினைக்கினம். எண்ணாமல் ஊத்தினால் எதுவும் சாகாவரம் பெறும்.

மறியாடு | மாசி 15

கடைசிக் கேள்வி. ஐகுரோமைசின் எண்ட மற்றத் தெரிவு மருந்தைப் போட்டு நாலு நாளாகியும் கட்டுப்பாட்டுத் தட்டுச் சாகாமல் கிடந்தால் அளவைக் கூட்டலாமோ?

குடுவை | மாசி 15

கூட்டாதேங்கோ. பியூரோமைசின் மாதிரி அது கெதியா வெட்டாது, 7 முதல் 10 நாள் எடுக்கும். மூண்டு நாளுக்கொருக்கால் புது மருந்தோடை ஊடகத்தை மாத்துங்கோ. தட்டு நெருங்கியிருந்தால் மருந்து பிடிக்காது, 30 சதவீதத்துக்குப் பிரிச்சுப் போட்டு முதலிலை இருந்து நாளை எண்ணுங்கோ.